பின்பக்க ஜன்னலில் ஒரு சர்வர்

ஒரு கணினிக்கு வீட்டில் எந்த இடம் நல்லது என்று சுவர் சுவராகக் கன்னத்தை வைத்துத் தேடிய நாம், அந்த இடம் நமக்கு நல்லதா என்று ஏன் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை?

இந்தக் கேள்வி வெகுகாலமாக என்னோடு இருக்கிறது. மொட்டைமாடிக்கு மொட்டைமாடி நீலக் கேபிளை இழுத்துக்கொண்டு ஓடிய உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். இன்று நம்மில் சிலர் சென்னையில், சிலர் ஓசூரில், ஒருவர் கடல் கடந்து. முப்பது வயதின் வாசலில் நிற்கிறோம். அதற்குள் எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அந்தக் கோடையை நீங்கள் ஒரு விளையாட்டாக நினைவு வைத்திருக்கக்கூடும். அதன் கடைசி வாரம் எங்கள் வீட்டுக்குள் நடந்தது. அதை உங்களிடம் நான் முழுமையாகச் சொன்னதில்லை.

ஆம்பூரில் நம் தெருவின் பின்புறம் நெடுக ஒரே மதில். மதிலுக்கு அப்பால் தோல் பதனிடும் ஷாப். என் அப்பா அங்கே சுண்ணாம்புத் தொட்டிகளில் வேலை பார்த்தார். தோலிலிருந்து முடி கழன்று வரும்படி ஊறவைக்கும் இடம் அது. மதிலுக்கு மேலே மரப் பீப்பாய்கள் சுழலும் ஓசை நாள் முழுவதும் வரும். தூரத்தில் யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுவதைப் போன்ற ஓசை. பள்ளி விடுமுறையில் மதியத் தூக்கம் அந்த ஓசையில்தான் வரும். அது நிற்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தூக்கம் பிடிக்காது.

சதுரக் கட்டைகளை அடுக்கி மலையும் வீடும் கட்டுகிற அந்த விளையாட்டு நம்மைப் பிடித்த வருடம் அது. கடைத்தெருவின் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் கட்டுவோம். மறுநாள் போனால் முகம் தெரியாத யாரோ வந்து இடித்துவிட்டுப் போயிருப்பார்கள். நமக்கென்று ஓர் உலகம் வேண்டும் என்று முதலில் சொன்னது தோஸ்த். எதிர்வீட்டுப் பையனான அவனை வீட்டில் எல்லோரும் அப்படித்தான் அழைத்தோம். அதற்கு ஒரு சர்வர் வேண்டும். எல்லோரும் நுழைந்து விளையாடும் உலகத்தை இடைவிடாமல் தாங்கி நிற்கும் கணினிக்கு அந்தப் பெயர் என்பதையும் அவன்தான் சொன்னான்.

எங்கள் வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்று, ஷாப் அலுவலகத்தில் கழித்துப் போட்டதை அப்பா கேட்டு வாங்கி வந்த மேஜைக் கணினி. பரணில் கோணிப்பைக்குள் கிடந்தது. மற்றொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் அரசு இலவசமாகக் கொடுத்த அக்காவின் மடிக்கணினி.

எதை சர்வர் ஆக்குவது என்று கூடிய மாநாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எங்கள் வீட்டு முன்னறையில் கோணிப்பையைப் பிரித்து, அந்தக் கறுத்த பெட்டியை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம்.

"இதுல மெமரி ஜாஸ்திடா. லேப்டாப்ல கம்மி. இதான் சர்வர்" என்றான் தோஸ்த்.

மாடி வீட்டுப் பெண் மூக்கைச் சுளித்தாள். நம் எல்லோரையும்விட நன்றாக விளையாடுகிறவள் அவள். அதனால் அவள் சுளிப்புக்கு மதிப்பு அதிகம். "ஷாப்லருந்து வந்ததா? தொறந்து பாரு, உள்ள ஆட்டு முடி இருக்கும்."

"உங்கப்பா செருப்பும் ஷாப்லருந்துதான் வந்துச்சு. அதுல முடி இருக்கா?" என்றான் தோஸ்த்.

"இன்னாடா பேச்ச மாத்தற? கரண்ட் போனா இது இன்னா பண்ணும்? அதச் சொல்லு மொதல்ல."

மணிக்கு ஒருமுறை மின்சாரம் போய் வந்த காலம். விளையாடுகிறவரின் கணினி அணைந்தால் அவர் மட்டும் வெளியேறுவார். சர்வர் அணைந்தால் எழுதிக்கொண்டிருந்த உலகமே பாதியில் கிழியும். மடிக்கணினிக்கோ வயிற்றுக்குள்ளேயே பேட்டரி. இரண்டு மணி நேரம் தாங்கும். நான் அந்த வாதத்தில் மயங்கிப்போனேன். மெமரியை விட, வேகத்தை விட, அணையாமல் இருப்பதே பெரிது என்று தீர்ப்புச் சொன்னேன். இன்றும் அந்தத் தீர்ப்பு தவறென்று எனக்குத் தோன்றவில்லை. தவறு அடுத்த அடியில் இருந்தது.

அக்காவிடம் கேட்கும் பொறுப்பும் என்னுடையதே. அவள் வேலூரில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தாள். கம்பெனிகளில் காலணியின் மேற்தோல் தைக்கும் வேலைக்குப் பெண்களை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். நம் தெருப் பெண்களில் பாதிப்பேர் காலை பஸ்ஸில் அங்கே போனார்கள். அப்பா அவளைப் படிக்க விட்டதற்குக் காரணமே அந்த மடிக்கணினிதான். அரசாங்கமே மெஷின் கொடுத்திருக்கிறது, படிக்கட்டும். இதற்கு மேல் எதுவும் வாங்கித் தரச் சொல்லக் கூடாது என்பது அவர் நிபந்தனை. மூன்றாம் ஆண்டில் ப்ராஜெக்ட் இருந்தது. மெஷின் இல்லாமல் மூன்றாம் ஆண்டு இல்லை.

அக்கா சற்று யோசித்தாள். "ஜூன் வரைக்கும்தான். காலேஜ் ரீஓபன் அன்னிக்கு என் கைல இருக்கணும். கீறல் விழுந்துச்சு, உன் தோல உரிச்சு அப்பா கிட்ட குடுத்துடுவேன். அவரு ஊறப் போட்டுடுவாரு."

நான் சத்தியம் செய்தேன். என் நோட்டில் எழுதியும் கொடுத்தேன்.

இனி, இடம் தேடியது. சர்வர் ஓயாமல் ஓடும், ஓடினால் சூடாகும், சூடானால் செத்துவிடும் என்று தோஸ்த் பயமுறுத்தியிருந்தான். அக்காவின் மெஷின் என்பதால் எனக்குப் பயம் அதிகம். சித்திரை வெயிலில் வீட்டின் ஒவ்வொரு சுவரிலும் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். முன்னறைச் சுவர் தோசைக்கல். சமையலறையைச் சொல்லவே வேண்டாம். பின்னறையில், ஷாப் மதிலை நோக்கிய ஜன்னலின் அருகே மட்டும் சுவர் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. அந்தப் பக்கம் தொட்டிகள். தண்ணீரின் மேலாக வரும் காற்று. கண்ணை மூடிக்கொண்டு அங்கே நின்றால் ஏலகிரியில் நிற்பதாக நினைத்துக்கொள்ளலாம்.

ஜன்னல் திட்டில் மடிக்கணினியை வைத்தோம். காற்றை வீணாக்காமல் அதன் வயிற்றுக்கே கொண்டுபோக ஒரு குழாய் செய்தோம். நம் ஊரில் காலணி அட்டைப் பெட்டிக்குப் பஞ்சமில்லையே. ஆறு பெட்டிகளின் முனைகளை வெட்டி ஒன்றோடொன்று செருகி, ஜன்னல் கம்பியோடு ஒரு சிறிய விசிறியைக் கட்டினோம். பகலும் இரவும் அது வெளிக்காற்றை இழுத்து மெஷினுக்கு ஊட்டியது. மடிக்கணினியின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கும். ஒரு குழந்தைக்குத் தூளி கட்டிவிட்டதைப் போலப் பெருமைப்பட்டேன்.

பிறகு வந்த ஏழெட்டு வாரங்கள் எனக்கு நாட்களாக நினைவில் இல்லை. ஒரே நீண்ட மதியமாக இருக்கின்றன. காய்ந்துகொண்டிருந்த சேலைகளுக்கு நடுவே மாடி விட்டு மாடி போன நீலக் கேபிள். அதன்மேல் உட்கார்ந்த மைனாக்கள். நான் தோஸ்த் வீட்டில் அவனுடைய கணினியில் முறைவைத்து விளையாடினேன். நாம் முதலில் மலைகளை எழுப்பினோம். பிறகு தண்டவாளம் போட்டு ஜோலார்பேட்டை என்று பெயர் வைத்தோம். மின்சாரம் போகும், நாமெல்லோரும் உலகத்துக்கு வெளியே தள்ளப்படுவோம். வியர்வையோடு காத்திருப்போம். திரும்பி வரும்போது உலகம் அப்படியே இருக்கும். நாம் இல்லாத நேரத்திலும் அங்கே பொழுது விடிந்து, பொழுது சாய்ந்து, பயிர் ஒரு விரல் வளர்ந்திருக்கும். நாம் பார்க்காதபோதும் ஒன்று நமக்காக விழித்திருக்கிறது என்ற அந்த நிம்மதியை வேறு எதிலும் நான் மறுபடி அடைந்ததில்லை.

அந்த உலகத்தில் பாலாற்றை ஓடவிட்டது அக்கா. மதியங்களில் அவள் ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, சர்வரின் விசைப்பலகையிலேயே விளையாட ஆரம்பித்தாள். மணலாகவே நாம் பார்த்துப் பழகிய ஆற்றில், கரையோடு கரையாக நீல நீரை நிரப்பினாள். கரையில் தனக்கு ஒரு வீடு கட்டினாள். நான்கு பக்கமும் ஜன்னல், சுவரே கிடையாது. "திருடன் வந்தா?" என்று கேட்டேன். "வர்றவன் ஆத்தப் பாத்துட்டு நின்னுடுவான்" என்றாள்.

மாலையில் அவளுக்குத் தலை வலிக்கும். திரையைப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாள் என்று அம்மா திட்டுவாள்.

அந்தக் கோடையில் திமிரியிலிருந்து பெரியம்மா பதினைந்து நாள் தங்க வந்தார். வாசலில் கால் வைத்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். "இன்னாடி இது, அழுகுன முட்ட மாதிரி நாத்தம்?" நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா சமையலறைக்குப் போய் முட்டைகளை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வந்தாள். நான்காம் நாள் பெரியம்மாவே அந்தப் பேச்சை மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா பல்பொடி போட்டு மெட்டியையும் கொலுசையும் தேய்ப்பாள். நம் தெருவில் எல்லா வீட்டிலும் அந்தக் காட்சி உண்டு. தேய்த்தால் வெளுக்கும், புதன்கிழமைக்குள் மறுபடி கறுக்கும். உடம்பில் சூடு இருந்தால் வெள்ளி கறுக்கும் என்பார்கள். அம்மாவுக்குச் சூடு ஜாஸ்தி என்பது வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட உண்மை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர் குடிக்கவைத்தார் அப்பா. பெரியம்மா தன் பளபளக்கும் கொலுசைக் காட்டி, "எனக்குக் குளுந்த உடம்பு" என்று சொல்லிக்கொண்டார். ஊருக்குக் கிளம்பும்போது அவர் கொலுசும் கறுத்திருந்தது. "உங்க ஊட்டுத் தண்ணியே சூடுடி" என்றார். அம்மா சிரித்தாள். தெருவில் இத்தனை பெண்களுக்கும் ஒரே நோய் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

மே கடைசியில் மடிக்கணினியின் விசைகள் சில வேலை செய்யாமல் போயின. திரையில் ஆறு தயங்கித் தயங்கி ஓடியது. கல்லூரி திறக்க ஒரு வாரம் இருந்தபோது, ஒரு மதியம் தோஸ்த் வீட்டில் நம் உலகம் சட்டென்று காணாமல் போனது. மின்சாரம் இருந்தது. நான் வீட்டுக்கு ஓடினேன். அக்கா ஜன்னலோரம் நின்று பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். விசிறி மட்டும் காற்றை ஊட்டியபடி இருந்தது.

"சார்ஜர மாத்திப் பாரு" என்றாள். மாற்றிப் பார்த்தேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். பிறகு அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, மூடிய மடிக்கணினியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்காது.

அப்பா வேலை முடிந்து வந்து கேட்டுக்கொண்டார். என்மீதும் கோபப்படவில்லை. "போனது போச்சு. கம்பெனில ஸ்டிச்சிங்குக்கு ஆள் எடுக்கறாங்க. ஒண்ணாந்தேதி சூப்பர்வைசர் கிட்ட சொல்லி வக்கறேன்."

"ஒரு தடவ வேலூர்ல காட்டலாம்பா" என்றாள் அக்கா. "சரியாகலன்னா நீங்க சொல்றபடி போறேன்."

அவள் குரல் நடுங்காமல் இருந்ததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

வேலூரில் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில் இருந்த ஒரு சிறு கடை. அப்பா, அக்கா, நான் மூவரும் போனோம். கடைக்காரர் திருகாணிகளைக் கழற்றி, உள்ளிருந்த பச்சைப் பலகையை எடுத்து விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"எந்த ஊரு நீங்க?"

"ஆம்பூர்" என்றார் அப்பா.

"வீடு தோல் ஷாப்ப ஒட்டியா?"

"மதிலுக்கு இந்தாண்ட. எப்டி சார் கண்டுபுடிச்சீங்க?"

"போர்டே சொல்லுதே. இங்க பாருங்க, செம்பு லைனெல்லாம் கரி மாதிரி ஆயிருக்கு. ஷாப்ப ஒட்டின வீட்லருந்து வர்றது சிலது இப்டிதான் வரும். காத்துல ஒரு கேஸ் இருக்குது. செம்பு, வெள்ளி ரெண்டையும் அரிச்சுடும்."

"எங்களுக்கு ஒரு வாசனையும் வர்லியே சார்."

"உங்களுக்கு வராது, பழகிப் போச்சு. இதுக்கு இன்னும் பழகல." அவர் என் பக்கம் திரும்பினார். "எங்கடா வச்சிருந்த?"

காலணிப் பெட்டிக் குழாயைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நல்லா ஊட்டி ஊட்டி வளத்திருக்க போ."

அக்காதான் கேட்டாள். "வெள்ளின்னு சொன்னீங்களா, சார்?"

"ஆமாம்மா. செம்ப விட வெள்ளி சீக்கிரம் கறுக்கும்."

அப்பா குனிந்து அக்காவின் காலைப் பார்த்தார். செருப்புக்கு மேலே அவள் கொலுசு கறுத்துக் கிடந்தது. அவர் வெகுநேரம் நிமிரவில்லை. தொட்டிகளில் இருபது வருடம் நின்ற மனிதர். அவர் எதை எண்ணிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

பலகையைச் சரிசெய்ய முடியாது என்றார் கடைக்காரர். அக்காவின் பாடங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்தது. அதை வேறு மெஷினில் போடலாம். "வீட்ல பழைய சிபியு எதுனா இருக்கா?"

"ஒண்ணு இருக்கு" என்றார் அப்பா தயங்கியபடி. "ஆனா அது ஷாப்லருந்தே வந்தது சார். அது இத விட மோசமா இருக்கும்."

"எடுத்துட்டு வாங்க. பாத்துடலாம்."

மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. கோணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து வந்தார். கடைக்காரர் மூடியைத் திறந்தபோது நான் எட்டி உள்ளே பார்த்தேன். மாடி வீட்டுப் பெண் சொன்ன ஆட்டு முடியைத் தேடினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றும் இல்லை. பலகை பச்சையாக இருந்தது, அதன் கோடுகள் புதுக் காசுபோல மின்னின.

"இது ஷாப்ல எந்த ரூம்ல இருந்துச்சு?" என்றார் கடைக்காரர்.

"மேனேஜர் ரூம்" என்றார் அப்பா. பிறகு, ஒவ்வொரு சொல்லாக, "ஏசி ரூம். கண்ணாடிக் கதவு. ஜன்னலே தொறக்க மாட்டாங்க."

எங்கள் வீட்டிலும் அது பரணில் கோணிப்பைக்குள் மூடியே கிடந்தது. ஷாப்பின் நடுவே இருந்த கணினிக்கு அந்தக் காற்று ஆகாது என்று யாருக்கோ தெரிந்திருக்கிறது, அல்லது குளிர்ச்சிக்காகச் செய்தது அதைக் காப்பாற்றியிருக்கிறது. எதுவென்று என்னால் இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தெரியாத ஒன்றுக்காக ஒருவரைக் குற்றம்சாட்டவும் விரும்பவில்லை. ஆனால் மதிலுக்கு இப்பால் இருந்த நமக்குக் கண்ணாடிக் கதவு இல்லை என்பது மட்டும் உறுதி. பின்னாளில் கல்லூரியில் வேதியியல் படித்தபோது அந்த வாயுவின் பெயரைக் கற்றேன். தொடர்ந்து சுவாசித்தால் மூக்கு அதை அறிவதை நிறுத்திவிடும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைத் தாண்டி அன்று என்னால் படிக்க முடியவில்லை.

ஹார்ட் டிஸ்க்கை மாற்றிப் போட்டு மெஷினை உயிர்ப்பித்துக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் ஆம்பூர் நெருங்கியபோது அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். கண்டக்டர்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அப்பா அக்காவிடம் கேட்டார்.

"ரீஓபன் என்னிக்கு?"

"திங்கக்கிழமப்பா."

"சரி" என்றார்.

உங்களிடம் நான் மெஷின் ரிப்பேர் என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் நீங்கள் நீலக் கேபிளைச் சுருட்டி வைத்தீர்கள். நம் உலகம் அழியவில்லை. அக்காவின் ப்ராஜெக்டுக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் இருந்தது. மூன்றாம் ஆண்டின் நடுவில் ஒருநாள் அவள் அதைத் திறந்து காட்டினாள். ஆறு நிரம்ப ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய ஜன்னல் வீட்டுக்குள் வெயில் நான்கு பக்கமும் விழுந்தது. இருவரும் சற்று நேரம் பார்த்துவிட்டு மூடினோம்.

அந்தக் கோடைக்குப் பிறகு மாறியவை இவ்வளவுதான். பின்னறை ஜன்னலை அப்பா பலகை வைத்து அடைத்தார். கணினி முன்னறைக்கு வந்தது. அக்கா படிப்பை முடித்து வேலைக்குப் போனாள். அப்பா மேலும் சில வருடங்கள் அதே தொட்டிகளில் வேலை பார்த்தார். ஷாப்பின் மீது யாரும் புகார் கொடுக்கவில்லை. அம்மா வெள்ளிக்கிழமைகளில் மெட்டியைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவளுக்கு உடம்பில் சூடு என்று அதன்பின் வீட்டில் யாரும் சொல்லவில்லை.